எண்ணிக்கை வேண்டாம், கேள்வியைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நெல்லைப் பதிப்பைக் காலையில் டீக்கடையிலேயே ஒரு வரி விடாமல் படித்துவிடுகிற ஆள் நான். பார்லிமென்ட் நடக்கிற நாட்களில் அதில் வருவதெல்லாம் அமளி, ஒத்திவைப்பு, வெளிநடப்பு, அப்புறம் வாசல் படியில் பதாகையோடு நிற்கிற போட்டோ. உள்ளே நம் பக்கத்து எம்.பி. வாய் திறந்தாரா, என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்பது மட்டும் வருவதே இல்லை.

கல்யாணத்துக்கு வந்தாரா, கோயில் கொடைக்கு என்ன கொடுத்தார், நிழற்குடையில் யார் பேர் போட்டிருக்கிறது, இப்படித்தான் நாங்களும் எம்.பி.யை அளக்கிறோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிழற்குடை கட்டுவது வருஷத்துக்கு 5 கோடி தொகுதி நிதியில். அந்த 5 கோடியில் முடியாத காரியங்களைக் கேட்கத்தானே டெல்லிக்கு அனுப்புகிறோம்?

பீடியையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் எங்கே போனாலும் சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக்கொண்டு இருக்கிற பெண்களைப் பார்க்கலாம். இவர்களுக்கு என்று 1976-ல் சட்டம் போட்டு நல நிதி வைத்தார்கள், பீடி மேல் வசூலித்த செஸ் என்கிற தனி வரிதான் அதற்கு வருமானம், பிள்ளைகள் படிப்புக்கு உதவி, வீடு கட்ட மானியம், வைத்தியம் எல்லாம் அதிலிருந்து வந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த செஸ்ஸை எடுத்துவிட்டார்கள். செஸ் இருந்த கடைசி வருஷம் எவ்வளவு செலவழித்தீர்கள், போன வருஷம் எவ்வளவு, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் எத்தனை பிள்ளைகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது? இந்த மூன்று கேள்வியை ஒரு தாளில் எழுதி 15 நாளுக்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்து, அது ஏற்கப்பட்டுப் பட்டியலில் வந்துவிட்டால், எந்தக் கட்சி அமைச்சராக இருந்தாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதைக் கேட்டார்களா, கேட்டால் என்ன பதில் வந்தது என்று உங்கள் பேப்பரில் படித்தால் முக்கூடலில் பீடி சுற்றுகிற அம்மாவுக்குப் புரியாமலா போகும்?

லோக்சபாவில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டியது, குலுக்கலில் வருவது. கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான், அதில் பெரும்பாலும் ஐந்தாறுதான் முறை வந்து வாயால் பதில் கிடைக்கும். மற்றதெல்லாம் எழுத்தில். நட்சத்திரம் இல்லாத கேள்வி 230 வரை, அதுவும் எழுத்தில். விதி 377 என்று ஒன்று, 250 வார்த்தைக்குள் தொகுதிக் குறையை எழுதி வாசிக்கலாம். பதில் தாள் இருக்கிறதே, அது தனி ருசி. "(அ) விவரங்கள் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும். (ஆ) முதல் (ஈ) வரை: கேள்வி எழவில்லை." படித்தால் கோபம்தான் வரும். ஆனால் 'திரட்டப்பட்டு வைக்கப்படும்' என்று அமைச்சர் சொல்லிவிட்டாலே அது உறுதிமொழிக் கணக்கில் ஏறிவிடும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஏன் என்று துருவ 1953-லிருந்தே ஒரு குழு இருக்கிறது. நம் சட்டமன்றத்துக்கும் அப்படி ஒரு உறுதிமொழிக் குழு உண்டு. அது மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வந்தால் கலெக்டரோடு நிற்கிற போட்டோ போடுகிறீர்கள், எந்த உறுதிமொழியைத் தேடி வந்தார்கள் என்று எழுதக் காணோம்.

நம் ஜில்லா இந்த வேலை தெரியாத ஜில்லாவா? வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குப் பேர் தந்த செல்லப்பாண்டியன் தொடங்கி பி.எச். பாண்டியன், ஆவுடையப்பன், அப்பாவு என்று சபாநாயகர்களையே வரிசையாகக் கொடுத்திருக்கிறோம். (சபாநாயகருக்கு 'வானளாவிய அதிகாரம்' என்று பி.எச். பாண்டியன் காலத்தில் பேசியது வேறு கதை. 1987-ல் ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஒரு பத்திரிகை ஆசிரியரை ஜெயிலுக்கு அனுப்பிய சங்கதி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) இவர்கள் எல்லோரையும் விட என் மனசில் நிற்பது ஆலடி அருணா. 1977-ல் திருநெல்வேலி எம்.பி., பிறகு ராஜ்யசபா. போபர்ஸ் பீரங்கி பேரத்தில் எழுந்த லஞ்சப் புகாரை விசாரிக்க 1987-ல் பார்லிமென்ட் கூட்டுக்குழு போட்டபோது எதிர்க்கட்சிகள் புறக்கணித்துவிட்டன, இவர் அ.தி.மு.க.வில், அதாவது காங்கிரசுக்கு வேண்டிய கட்சியில் இருந்ததால் உள்ளே இருந்தார். 1988-ல் அறிக்கை வந்தபோது குழுவே ஒரு பக்கம் நிற்க, இவர் ஒருவர் மட்டும் மாறுபட்ட குறிப்பு எழுதிச் சேர்த்தார். கூட்டணியில் இருந்துகொண்டு, தனி ஆளாக! கத்தவில்லை, வெளிநடப்பும் செய்யவில்லை. உட்கார்ந்து எழுதினார். ஆலடிப்பட்டிக்காரர் ஒருவர் டெல்லியில் செய்த இந்தக் காரியம் இன்றைக்கு நம் ஊர் காலேஜ் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெளிநடப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை, மைக்கே கிடைக்காவிட்டால் என்னதான் செய்வார்கள். அதே போல, இத்தனை கேள்வி கேட்டார், வருகை இத்தனை சதவீதம் என்று ராங்க் கார்டு போடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. உதவியாளர் உட்கார்ந்து நாட்டுக்கெல்லாம் பொதுவான கேள்வியாக எழுதித் தள்ளினால் எண்ணிக்கை கூடிவிடும். காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 2005-ல் 11 எம்.பி.க்களைப் பதவியை விட்டே நீக்கியிருக்கிறார்கள், எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்விகளும் நல்ல கேள்விதான்.

நான் கேட்பது சின்ன இடம். கூட்டத்தொடர் நடக்கிற வாரங்களில், வாரம் ஒரு நாள், அரைப் பத்தி. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி உறுப்பினர்கள் கேட்ட கேள்வி, வந்த பதில், இரண்டையும் தமிழில் அப்படியே போடுங்கள். பாராட்ட வேண்டாம், திட்டவும் வேண்டாம். யாரும் எதுவும் கேட்காத வாரத்தில் 'கேள்வி இல்லை' என்று ஒரு வரி போதும். கேள்வி, பதில் எல்லாம் பார்லிமென்ட் இணையதளத்தில் அன்றைக்கே வந்துவிடுகிறது, நிருபர் டெல்லிக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. சட்டமன்றம் நடக்கும்போதும் இதே மாதிரி, மானியக் கோரிக்கையில் நம் தொகுதிக்காரர் என்ன பேசினார் என்று, தலைவரைப் புகழ்ந்த பகுதியை வெட்டிவிட்டு.

முகூர்த்த நாளில் விளம்பரம் நிறைய வந்து இடம் இல்லை என்றால் மறுநாள் போடுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கல்லிடைக்குறிச்சி