கடல் படிப்பு கரைக்கு வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுத்தபோது, தென்கோடி மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. கணிப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது படகு வரைக்கும் போய்ச் சேர வேண்டும், படகில் உயிர்காக்கும் சட்டையும் இருக்க வேண்டும்.

இதற்குத் தேவையான படிப்போ, கடல், வளிமண்டல அறிவியல் ஒரு துறை, மீனவர் வாழ்வை ஆராயும் மானுடவியல் இன்னொரு துறை, பாதுகாப்புப் பொறியியல் வேறொரு கல்லூரி என்று பிரிந்து கிடக்கிறது. மூன்றையும் சேர்த்து ஒரு முதுகலைப் படிப்பை நெல்லையில் தொடங்க வேண்டும்.

உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைப் பெரியவர்களைக் கேளுங்கள். வலை இழுபடும் போக்கைப் பார்த்தே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் கள்ளக்கடல் அப்படியில்லை. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையில் கிடக்கும் வள்ளங்களைப் புரட்டும். அதற்கு அலையை அளக்கும் மிதவைக் கருவியும் கணினிக் கணிப்பும்தான் துணை. இரண்டு அறிவும் ஒரே வகுப்பறையில் உட்கார வேண்டும் என்பது இதனால்தான்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பில் தனி இடம் ஒதுக்குங்கள். பாடம் சொல்ல வரும் பெரியவர்களுக்கு மற்ற ஆசிரியர்களைப் போலவே ஊதியமும் கொடுங்கள்.

– ஒரு வாசகர், வள்ளியூர்