உயரமான பையன் ரிங்குக்குக் கீழேயே நிற்க வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிக் கூடைப்பந்து அணியில் நல்ல உயரமாக ஒரு பையன் சேர்ந்துவிட்டால், "ரிங்குக்குக் கீழே நில், பந்து வந்தால் போடு" என்பதோடு அவனுக்கான பயிற்சி முடிந்துவிடுகிறது. 14 வயதில் அணியிலேயே உயரமானவன் 18 வயதில் நடுத்தர உயரக்காரனாகிவிடலாம். அப்போது ஃபார்வர்டாக (ரிங்கடியிலும் வெளியிலும் மாறி ஆடுபவனாக) ஆட வேண்டியவனுக்கு, பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிளும் வராது, வெளியிலிருந்து ஷாட்டும் விழாது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் வீரர் கவாய் லெனர்டை ஸ்பர்ஸ் அணி வளர்த்த விதத்தை நம் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும்.

அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2011 டிராஃப்டில் இந்தியானா அணி 15ஆவதாக எடுத்து, அன்றிரவே ஜார்ஜ் ஹில் என்ற வீரருக்கு மாற்றாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குக் கொடுத்த ஃபார்வர்டு அவர். டிபென்ஸ், ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) இரண்டிலும் கெட்டிக்காரர். ஆனால் கல்லூரியில் எறிந்த த்ரீ பாயிண்டரில் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டில்) நாலுக்கு ஒன்றுதான் விழுந்தது. ஷூட்டிங் கோச் சிப் எங்கலாண்ட் அவருடைய ஷாட்டை அடியோடு கலைக்கவில்லை. தலைக்கு மேலே பின்தள்ளி விட்ட பந்தைச் சற்று முன்னால் கொண்டுவந்து விட வைத்தார். பந்து பின்னால் போனால் முழங்கை வெளியே விரியும். காலின் விசை கைக்கு வந்து சேராது. பந்து தட்டையாகப் போய் ரிங்கின் முன்விளிம்பில் இடிக்கும். இதைத் திருத்திய முதல் சீசனிலேயே த்ரீ பாயிண்டில் 37.6 சதவீதம்.

அவருக்குக் கொடுத்த வேலையும் அளவானது. மூத்த வீரர்கள் டங்கன், பார்க்கர், ஜினோபிலி கையில் பந்து. லெனர்டுக்குக் கோர்ட்டின் மூலையான கார்னரும், எதிரணியின் முக்கிய வீரரை மறிக்கும் பொறுப்பும். சராசரிப் புள்ளிகள் 7.9, 11.9, 12.8 என மெதுவாகத்தான் ஏறின. 2014 இறுதித் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களில் ஒன்பது ஒன்பது புள்ளிதான்! மூன்றாவதில் எதிரணி நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸை மறித்துக்கொண்டே 29. தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கியபோது வயது 22.

நம் கோர்ட்டில் த்ரீ பாயிண்ட் கோடு 6.75 மீட்டர், கார்னரில் 6.60. அங்கே பக்கக் கோட்டுக்கு 90 செ.மீ. இடம்தான் உண்டு. பந்தைப் பிடித்தபடி பின்வாங்கும் பையன் வெளிக்கோட்டை மிதித்துவிடுகிறான். பந்து கைக்கு வருமுன்பே காலை ஊன்றி, முழங்காலை மடக்கி நிற்கப் பழக்க வேண்டும். ஷூட்டிங்கை ரிங்கிலிருந்து ஒன்றரை மீட்டரில் ஒற்றைக் கையால் தொடங்கி, பத்து விழுந்தபின் ஓரடி பின்னால் போகட்டும். பந்து பக்கவாட்டில் சுழலத் தொடங்கும் இடம்தான் அன்றைய எல்லை. அதைத் தாண்டி எறிய விட்டால் தோளால் தள்ளும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. டிபென்ஸில், ஷூட்டரை நோக்கி ஓடும்போது கடைசி இரண்டு மீட்டரில் அடிகளைச் சுருக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை உயர்த்த வேண்டும். ஓடிய வேகத்திலேயே பாய்ந்தால் எறிவதுபோல் காட்டும் ஒரு ஃபேக்கில் ஆள் தாண்டிப் போய்விடுவான்.

பள்ளிப் போட்டிச் செய்திகளில் அதிகப் புள்ளி எடுத்தவர் பெயர் மட்டுமே வருகிறது. அதனருகே ரீபவுண்ட், ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எண்ணிக்கையையும், எதிரணியின் முக்கிய வீரரை யார் மறித்தார் என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– கூடைப்பந்துப் பயிற்சியாளர், கோவை