பல்பம் தின்ற பிள்ளை

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று வீடியோ காலில் குட்டி உதட்டை மடித்துக் காட்டினானே, அந்த வெள்ளைப் புண் என் கண்ணிலேயே நிற்கிறது. "சூடும்மா, மணத்தக்காளிக் கீரை கொடுக்கிறேன்" என்றாய். கொடு, நல்லதுதான். ஆனால் சூடு என்று முடிவு கட்டிவிடாதே. நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

நீ இரண்டாவது படிக்கும்போது மாதம் தவறாமல் வாய்ப்புண் வரும். சித்திரை வெயில்தான் காரணம் என்று தேங்காய்ப்பாலும் கீரைக் கூட்டுமாகக் கொடுத்தேன். ஐப்பசி மழையிலும் நிற்கவில்லை. ஒருநாள் உன் பென்சில் டப்பாவைத் திறந்தால் பல்பத் துண்டுகள், எல்லாம் கடித்துத் தின்ற மிச்சம். கோபத்தில் அடித்துவிட்டேன். அப்புறம் டாக்டரிடம் போனபோது உன் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்தது. பல்பம் தின்றதும் அதனால்தானாம். தெரியாமல் அடித்தேனே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

குட்டி சோறு வேண்டாம் என்று நாலு வேளையும் பாலே குடிக்கிறான் என்றாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பாலில் இரும்புச்சத்து ரொம்பக் கம்மி, வயிற்றை மட்டும் நிரப்பிவிடும். மண், சுவர்க் காரை எதையாவது வாயில் போடுகிறானா என்று கவனி. பி12, ஃபோலிக் அமிலம் என்கிற வைட்டமின்கள் குறைந்தாலும் புண் வரும்.

இது ஒரு தடவை வந்த புண் என்றால் கன்னத்தைக் கடித்திருப்பான், பிரஷ் குத்தியிருக்கும், இல்லை உடைந்த பல் உரசியிருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். காரமும் புளிப்பும் வேண்டாம், ஆறின தயிர்சாதம் கொடு. பெரியவர்கள் தடவும் ஜெல்லை டாக்டரைக் கேட்காமல் போடாதே.

காய்ச்சலோடு உள்ளங்கை, பாதத்தில் கொப்புளம் வந்தால் அது வைரஸ், ஸ்கூலுக்கு அனுப்பாதே. ஈறு வீங்கி ரத்தம் கசிந்தாலும் வைரஸாக இருக்கலாம், உடனே காட்டு. தண்ணீர் குடிக்க மறுத்து, சிறுநீர் குறைந்தால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

மாப்பிள்ளையிடமும் சொல். புண் திரும்பத் திரும்ப வந்தாலோ, மூன்று வாரம் ஆகியும் ஆறாவிட்டாலோ, ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஊசி குத்தும்போது அவனை உன் மடியில் வைத்துக்கொள். நாளைக் காலை வெளிச்சத்தில் அவன் கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பார்த்து எனக்குப் போன் பண்ணு. காத்திருக்கிறேன்.

அம்மா