சாந்தோமின் வயது

அன்பு மகளே,

இத்தாலியில் நீ பார்த்த பேராலயங்களைப் பற்றி எழுதிவிட்டு, "நம் சாந்தோம் கோயில் அவ்வளவு பழையது இல்லையே அப்பா" என்று முடித்திருந்தாய். கட்டடத்தை மட்டும் கணக்கிட்டால் உன் பக்கம்தான் நியாயம். இப்போதுள்ள வெள்ளைக் கோயில் 1896இல்தான் அர்ச்சிக்கப்பட்டது. கூரிய வளைவுகள், ஒடுங்கிய நெடிய சன்னல்கள் எல்லாம் கோதிக் பாணியைப் பின்பற்றியவை. அன்று சென்னையை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்; மயிலாப்பூர் மறைமாவட்டமோ போர்த்துக்கல் அரசின் ஆதரவில் இருந்தது. ஆயர் போர்த்துக்கீசியர், கோயிலின் தோற்றம் ஆங்கிலேயர் விரும்பியது. எனக்கு இந்த முரண் பிடிக்கும். போர்த்துக்கீசியர் கைவண்ணத்தைக் காண வேண்டுமென்றால் பக்கத்து லஸ் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

155 அடி கோபுரத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கவனிக்க வேண்டியது சிறிய கோபுரத்தை. கீழே இயேசுவின் சீடரான புனித தோமாவின் கல்லறை இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கட்டடத்துக்குக் காரணமே அந்தக் கல்லறைதான். 1523 வாக்கில் போர்த்துக்கீசியர் அதன்மேல் ஒரு கோயில் கட்டினார்கள். 1606இல் அது பேராலயமாயிற்று. அவர்களுக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன்பே மார்க்கோ போலோ இவ்விடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்: கிறிஸ்தவர்களோடு இஸ்லாமியர்களும் வந்து வணங்கினார்களாம், காய்ச்சலுக்கு மருந்தாக மண்ணை அள்ளிப் போனார்களாம். 1896 என்று சொல்லி நிறுத்தினால் அந்த யாத்ரீகர்களை எங்கே வைப்பது?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயிலோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. யாருக்குச் சொந்தம் என்று சண்டை பிடிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அந்தக் கற்களை வாசிப்பவர்களிடம் உண்டு.

தோமாவின் எலும்புகளில் பெரும்பகுதி மயிலாப்பூரிலிருந்து, இன்றைய துருக்கியிலுள்ள எடெசாவுக்குப் போய், 1258இல் உன் இத்தாலியின் ஓர்டோனாவுக்கு வந்து சேர்ந்ததாக மரபு. அட்ரியாட்டிக் கரையோர ஊர். அங்குள்ள பேராலயமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் போய்வந்து, கல்லறையை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று விவரமாக எழுது. டிக்கெட் செலவை நான் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா