ஸ்டீவன்ஸுக்கும் பாடநூலில் இடம் வேண்டும்

அமெரிக்கத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். அடிமை முறை ஒழிப்பைப் பற்றி எழுதுகையில், லிங்கனோடு நிறுத்திவிடாமல், அடிமை முறையை எதிர்த்த பென்சில்வேனிய அரசியல்வாதி தாடியஸ் ஸ்டீவன்ஸையும் சேர்க்க வேண்டுகிறேன். அதிலும் அவரை அப்பழுக்கற்ற உத்தமராகக் காட்டிவிட வேண்டாம் என்பதே என் முக்கியமான கோரிக்கை.

1792இல் வெர்மான்ட்டில் வளைந்த பாதத்தோடு பிறந்து, வறுமையில் படித்து, கெட்டிஸ்பர்க்கில் வழக்கறிஞரான அவர், 1821இல் அடிமை உரிமையாளர் ஒருவருக்காக வாதாடினார். பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தங்கவைக்கப்பட்ட அடிமைக்கு விடுதலை உண்டு என்பது சட்டம். சேரிட்டி பட்லர் என்ற பெண் விட்டுவிட்டுத் தங்கிய நாட்களைக் கூட்டிக் கணக்கிடக் கூடாது என்ற ஸ்டீவன்ஸின் வாதம் வென்றது, அப்பெண் விடுதலையை இழந்தார். சட்ட நுணுக்கம் ஒரு மனுஷியின் வாழ்வைப் பறித்த வழக்கு அது.

அதே மனிதர்தான் 1838இல், கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்த மாநில அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்தார். 1851இல் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா என்ற ஊரில், தப்பி வந்தவர்களைப் பிடிக்க வந்த அடிமை உரிமையாளர் கொல்லப்பட்டபோது, தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் தரப்பில் நின்றார். அதற்கு முன்பே, 1835இல், இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து செய்ய மாநில மேலவை வாக்களித்த பிறகும், கீழவையில் அவர் ஆற்றிய உரை அதைக் காப்பாற்றியது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றக் கீழவையின் நிதிக்குழுத் தலைவராகவும், போருக்குப் பின், தோற்ற தென் மாநிலங்களை மீண்டும் இணைப்பது பற்றி ஆராய்ந்த இரு அவைகளின் மறுசீரமைப்புக் கூட்டுக்குழுவில் கீழவையின் தலைமை உறுப்பினராகவும் இருந்த அவர், 1866இல் அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தைக் கீழவையில் நிறைவேற்றினார். அது அவர் விரும்பிய அளவுக்கு இல்லை. தேவதூதர்களிடையே அல்லாமல் மனிதர்களிடையே வாழ்வதால் ஏற்கிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். இந்த மண்ணில் பிறந்த நம் பிள்ளைகள் பெற்றோரின் விசாவைப் பொறுத்தல்லாமல் பிறப்பாலேயே குடிமக்களாவது அந்தத் திருத்தத்தின் முதல் பிரிவை வைத்துத்தான். குடியுரிமை வாசகம் பிறகு மேலவையில் சேர்க்கப்பட்டது என்பதையும் பாடத்தில் குறிப்பிட வேண்டும்.

1868இல் இறந்த அவர், வெள்ளையரை மட்டும் ஏற்ற கல்லறைத் தோட்டங்களை விலக்கி, லான்காஸ்டரில் எல்லோரையும் ஏற்ற சிறு தோட்டத்தைத் தேர்ந்ததை மட்டும் எழுதி முடித்தால் கண்ணீர் வரும், கேள்வி வராது. ஆகவே பாடத்தை 1821 வழக்கிலிருந்தே தொடங்குங்கள். உயர்நிலை மாணவர்கள் ஆறு மாதக் கணக்கை வைத்து இரு தரப்பிலும் வாதிடப் பயிற்சியும் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு பெற்றோர்