பக்கத்து மேசைக்கு ஃபைல் அனுப்ப இன்டர்நெட் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் டெல்டா ஊர்களில் நெட் போவது ஒன்றும் புதிதில்லை. எங்கோ கேபிள் அறுந்திருக்கும், எங்கோ மரம் சாய்ந்திருக்கும், அதற்கு யாரைக் குறை சொல்ல? நான் எழுத வந்தது வேறு. மன்னார்குடியில் அச்சகம், ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் "நெட் இல்ல சார், ஃபைல் அந்த சிஸ்டத்துக்குப் போகாது, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். அந்த சிஸ்டம் இருப்பது மூன்றடி தள்ளித்தான்! இந்த மேசையிலிருந்து மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ ஏற்றி, அந்த மேசையில் இறக்கிக்கொள்கிறார்கள். பக்கத்து வயலுக்குத் தண்ணீரை மேட்டூர் வழியாகத் திருப்பி விடுகிற கதை இது.

இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரில் (நெட்டைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இணைந்திருந்தால் போதும். வெளியே நெட் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம், ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் சரி. ஒன்றில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து மற்றதில் திறந்தால் ஃபைல் நேராக வந்துவிடும். விண்டோஸிலேயே இந்த வசதி எத்தனையோ வருடமாக இருக்கிறது, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வேகத்தைப் பாருங்கள். ஜிகாபிட் லேன் (கடைக்குள்ளேயே கம்ப்யூட்டர்களை இணைக்கும் கேபிள் நெட்வொர்க்) என்றால் நொடிக்கு 1000 மெகாபிட், 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், எனவே 8 ஆல் வகுத்தால் 125 மெகாபைட், நடைமுறையில் 110 சொச்சம் கிடைக்கும் (இந்த பிட், பைட் வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் நெட் கம்பெனிக்காரரோடு சண்டை போடுகிறார்கள்). 1 ஜி.பி. கல்யாண ஆல்பம் பத்து நொடியில் அடுத்த மேசைக்குப் போய்விடும். அதையே நொடிக்கு 40 மெகாபிட் நெட் இணைப்பில் ஏற்ற மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும், அப்புறம் இறக்க இன்னொரு மூன்று நிமிடம். ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் இணைக்கவே முடியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலோ அது சுருக்கிவிடும், ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பென் டிரைவ் இருக்கிறதே என்பார்கள். பத்து கடை சுற்றி வந்த பென் டிரைவில் வைரஸ்தான் முதலில் இறங்கும். நெட்வொர்க்கில் போகும் ஃபைல், சாதாரணமாக 1500 பைட்டுக்கு மிகாத துண்டுகளாகப் பிரிந்து, வரிசை எண்ணோடு போகிறது; வந்து சேர்ந்ததற்கு மறுபக்கம் பதில் சொல்லும், பதில் வராத துண்டு திரும்பவும் அனுப்பப்படும், அதனால் வழியில் எதுவும் விடுபடாது.

இது நேற்று முளைத்த வித்தையும் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போன அபய் பூஷண், 1971 ஏப்ரலில் எஃப்.டி.பி. என்ற ஃபைல் அனுப்பும் முறையின் முதல் விதிகளை எழுதினார். இன்றைய இன்டர்நெட்டுக்கு அடிப்படையான டி.சி.பி./ஐ.பி. அப்போது வரவே இல்லை! 1985-இல் திருத்தி வெளியிட்ட விதிகளில், பாதியில் அறுந்த ஃபைலை விட்ட இடத்திலிருந்து தொடரக்கூட வழி இருக்கிறது. ஒரே குறை, பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்பும். குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021-இல் அதைக் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் பாஸ்வேர்டையும் ஃபைலையும் மறைத்து அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி. பயன்படுத்தட்டும்.

கடைக்குள்ளேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, ஃபோல்டரையும் எல்லோருக்கும் திறந்து வைத்தால் ஊர்க்காரர்களின் ஆதார் நகல் எல்லாம் சந்தைக்கு வந்துவிடும். ஷேருக்குத் தனி பாஸ்வேர்டு போடுங்கள், வாடிக்கையாளருக்கு, கடை கம்ப்யூட்டர்களோடு சேராத கெஸ்ட் வைஃபை கொடுங்கள்.

பள்ளியில் நெட்வொர்க் வகைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தான் இந்தக் கடைகளில் வேலை பார்க்கிறார்கள். லேபில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து காட்ட ஆசிரியர்களுக்கு அரை மணி நேரம் ஆகுமா? உங்கள் நாளிதழிலும் இதை ஒரு நாள் படிப்படியாகப் படம் போட்டு வெளியிட்டால், எங்கள் கடைத்தெருவில் பல பேர் வெட்டி கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
அச்சகத் தொழிலில் இருக்கும் ஒரு வாசகர்,
மன்னார்குடி.