விஎம் வருவதற்கு முன்பே ஐபி முகவரி கணக்கில் ஏற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் கிளவுட் பற்றி அடிக்கடி கட்டுரை வருகிறது, பட்டனை அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் சர்வர் தயார் என்று. தயார்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த சர்வருக்கு ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, யார் கொடுத்தது, சர்வரை அழித்த பிறகு அது எங்கே போனது என்று யாரும் எழுதுவதில்லை. விர்ச்சுவல் மெஷின்களை (விஎம், ஒரு நிஜ சர்வருக்குள் மென்பொருளால் உருவாகும் கணினி) தானாக உருவாக்கும் ஆட்டோமேஷன் வேலையில்தான் பல வருடமாக இருக்கிறேன், எங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் முகவரிகள் எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் இருந்தன. ஆட்டோமேஷன் மென்பொருளுக்குத் தனியாக ஒரு ரேஞ்ச் கொடுத்திருந்தார்கள். நெட்வொர்க் டீமில் ஒருவர் அவசரத்துக்கு அந்த ரேஞ்சிலிருந்தே ஒரு முகவரியை எடுத்து டேட்டாபேஸ் சர்வருக்குக் கையால் போட்டுவிட்டு, ஷீட்டிலும் ஒழுங்காக எழுதிவைத்தார். மென்பொருள் ஷீட்டைப் படிக்காது அல்லவா! ஒரு சனிக்கிழமை இரவு அதே முகவரியைப் புதிய விஎம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. ஒரே உறைக்குள் இரண்டு கத்தி. சிலருக்கு டேட்டாபேஸ் கிடைக்கிறது, சிலருக்கு இல்லை, இரண்டு நிமிடம் கழித்து அதுவும் மாறுகிறது. ஸ்டோரேஜில் தேடினோம், ஃபயர்வாலில் தேடினோம், விடியும் நேரத்தில்தான் ஒரே ஐபிக்கு இரண்டு மேக் முகவரிகள் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாறி மாறி வருவதை, எந்த ஐபி எந்த மேக்கிடம் என்று காட்டும் ஏஆர்பி டேபிளில் ஒருவர் கவனித்தார். யார் மேலும் தப்பு சொல்ல முடியவில்லை, அவரவர் கணக்கில் அவரவர் சரி. கணக்கு இரண்டாக இருந்ததுதான் கோளாறு.

கொடுப்பதற்கு முன் பிங் போட்டு, அதாவது அந்த முகவரியில் யாராவது பதில் சொல்கிறார்களா என்று கேட்டு, பார்த்தால் போதாதா என்று இன்றும் கேட்கிறார்கள், அதையே ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. போதாது. அணைத்து வைத்திருக்கும் மெஷின் பிங்குக்குப் பதில் சொல்லாது, ஃபயர்வால் தடுத்தாலும் பதில் வராது. அதைவிட மோசம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் விஎம் கேட்டால் இரண்டு ஸ்கிரிப்டுமே அதே முகவரியைச் சோதித்து, காலி என்று முடிவுசெய்து, இரண்டு விஎம்முக்கும் அதையே போட்டுவிடும். அதனால் தேடுவதும் பதிவதும் ஒரே செயலாக நடக்க வேண்டும். நெட்பாக்ஸ் போன்ற, ஐபி முகவரிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஐபேம் மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது: அடுத்த காலி முகவரியைக் கொடு என்று ஏபிஐயில் (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) ஒரு கோரிக்கை அனுப்பினால், எடுத்து, நம் பெயரில் பதிந்து, அதே பதிலில் தந்துவிடும். விஎம் உருவாவது அதற்கு அப்புறம்தான்.

மெஷின்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி இருக்கிறதே என்பார்கள். கிளவுட் அமைக்கும் மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கிலும் டிஎச்சிபி ஓடுகிறது, ஆனால் எந்த போர்ட்டுக்கு (விஎம்மின் நெட்வொர்க் இணைப்புக்கு) எந்த ஐபி என்று அதன் நெட்வொர்க் பகுதியான நியூட்ரான் முன்பே தன் டேட்டாபேஸில் எழுதிவிடுகிறது. டிஎச்சிபி அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

கொடுப்பதில் காட்டும் அக்கறையைத் திரும்ப வாங்குவதில் யாரும் காட்டுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். விஎம் பாதி உருவாகி ஃபெயில் ஆனால், அதற்கு ஒதுக்கிய முகவரி பல ஸ்கிரிப்டுகளில் அப்படியே மாட்டிக்கொள்கிறது. ஒரு /24 சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு சிறு பிரிவு) இருப்பதே 256 முகவரிகள். அமேசானின் ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் ஆகிய கிளவுட்கள் இரண்டுமே சப்நெட்டுக்கு ஐந்தைத் தமக்கென வைத்துக்கொள்வதால் மிச்சம் 251. டெஸ்ட் டீம் தினமும் உருவாக்கி அழிக்கிற இடத்தில், ஒரு நாளைக்கு நாலைந்து முகவரி ஒழுகினாலே இரண்டு மாதத்தில் சப்நெட் நிரம்பிவிடும். உள்ளே ஓடுவதோ முப்பது மெஷின்தான் இருக்கும்.

சரி, அழித்த உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாமா? அதுவும் ஆபத்து. பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் பழைய பெயர் இருக்கும், பழைய முகவரிக்குத் திறந்துவிட்ட ஃபயர்வால் விதி இருக்கும். நேற்றுவரை சம்பளக் கணக்கு சர்வரிடம் இருந்த அனுமதி இன்று யாரோ விளையாட்டுக்குப் போட்ட டெஸ்ட் மெஷினுக்குப் போய்விடும். விஎம்வேரின் ஆரியா ஆட்டோமேஷன் மென்பொருளில் விடுவித்த முகவரி கொஞ்ச நேரம் காத்திருந்துதான் மறுபடி காலிப் பட்டியலுக்கு வருகிறது. ஆனால் எவ்வளவு காத்திருந்தாலும் டிஎன்எஸ் பதிவையும் ஃபயர்வால் விதியையும் நாம்தான் துடைக்க வேண்டும், அதை விஎம்மை அழிக்கும் வேலையிலேயே ஒரு படியாகச் சேர்த்துவிட வேண்டும்.

நிறுவனங்கள் தமக்குள்ளே பயன்படுத்தும் 10.0.0.0/8 தொகுதியில் மட்டும் 1.67 கோடிக்கு மேல் முகவரி இருக்கிறதே, எதற்கு இவ்வளவு கவலை என்று கேட்கலாம். இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இருவரும் அதே 10.1, 10.2 என்று வைத்திருந்து முகவரிகள் மோதுவதைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். இணையத்தில் நேரடியாகப் பயன்படும் பொது முகவரியோ (ஐபிவி4 வகை), அவற்றை உலக அளவில் பங்கிடும் ஐயானா அமைப்பின் மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஏடபிள்யூஎஸ் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது, சும்மா கிடந்தாலும்.

இந்த வேலையில் இருக்கும் உங்கள் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐபேம் பட்டியல், விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருள் காட்டும் பட்டியல், டிஎன்எஸ் பட்டியல், மூன்றையும் ஒரு நாள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் முதல் தடவை பார்த்தபோது, எப்போதோ அழித்த மெஷின்களின் பெயரில் முகவரிகள் வரிசையாக இருந்தன, கணக்கிலேயே இல்லாத மெஷின்கள் சில ஓடிக்கொண்டிருந்தன. இப்போது அந்த ஒப்பீடு தினமும் இரவில் தானாக ஓடுகிறது.

இப்படிக்கு,
கிளவுட் ஆட்டோமேஷன் பொறியாளர் ஒருவர்